ஆடும் வாத்தும் ஏன் சிரிக்க வைக்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு முன்னறையில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். சனிக்கிழமைகளில் பாடம் முடிந்ததும் ஒரு மணித்தியாலம் கேம். பெரும்பாலும் ஆட்டுக் கேம், இல்லாவிட்டால் வாத்துக் கேம். இரண்டையும் 'சின்னத் திறந்த உலகத்தில்' நடக்கும் அபத்தப் பகிடி என்று சொல்வேன். கூட்டிப்போக வரும் அம்மாமாரும் அப்பாமாரும் கதவடியில் நின்று திரையைப் பார்ப்பார்கள். ஒருவர் முகம் சுளிப்பார், இன்னொருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார். கேட்கிற கேள்விகள் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். வெளியே ஓட்டோக்காரர் ஹோர்ன் அடிக்க, பதிலைப் பாதியில் விட்டுப் போனவர்கள் பலர். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, பதிலை முழுதாக எழுதுகிறேன்.

மிஸ், இது என்ன கேம்? ஒரு ஆடு ஓடித் திரியுது, அவ்வளவுதானா?

ஆம், ஆடுதான். பெயர் கோட் சிமுலேட்டர். சுவீடனில் கொஃபி ஸ்டெய்ன் ஸ்டூடியோஸ் என்ற சிறிய நிறுவனம் செய்தது. 2014 சனவரியில் அங்கே வேலை செய்தவர்கள் தங்களுக்குள் விளையாட்டாகச் செய்து பார்த்த ஒரு முயற்சி இது. அதன் காணொளியை யூடியூபில் போட்டார்கள். இரண்டு நாளுக்குள் பார்வைகள் பத்து லட்சத்தைத் தாண்டின. அதற்குப் பிறகுதான் விற்பனைக்குக் கொண்டுவரும் எண்ணமே வந்தது. வெளியான நாள் 2014 ஏப்ரல் 1.

நீங்கள்தான் ஆடு. முட்டலாம், பாயலாம், நாக்கை நீட்டி ஒரு பொருளில் ஒட்டி அதை ஊரெல்லாம் இழுத்துக்கொண்டு போகலாம். ஆடு சாகாது. வாகனம் அடித்துத் தூக்கி எறிந்தாலும் எழும்பி நிற்கும். 'சிமுலேட்டர்' என்ற பெயரையும் கவனியுங்கள். விமானம் ஓட்ட, ரயில் ஓட்ட, கமம் செய்ய என்று நிசத்தைப் போலவே நடக்கும் கேம்களுக்குத்தான் அந்தப் பெயர் வைப்பார்கள். அதே பெயரை ஓர் ஆட்டுக்கு வைத்த இடத்திலேயே பகிடி தொடங்கிவிடுகிறது.

திறந்த உலகம் எண்டா என்ன? அதில 'சின்ன' எண்டு ஏன் சேத்துச் சொல்றீங்கள்?

பழைய கேம்களில் முதலாம் கட்டத்தை முடித்தால்தான் இரண்டாம் கட்டம் திறக்கும். திறந்த உலகத்தில் அப்படி இல்லை. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ்ஸால் இறங்கி நிற்கிறீர்கள் என்று வையுங்கள். சந்தைக்குப் போகலாம், டச் பே கடற்கரைக்குப் போகலாம், கோட்டை வாசலால் ஏறிக் கோணேசர் கோயிலடிக்குப் போகலாம். இந்த வழியால்தான் போக வேண்டும் என்று யாரும் மறிக்க மாட்டார்கள். அதுதான் திறந்த உலகம்.

பெரிய நிறுவனங்கள் செய்யும் திறந்த உலகங்களில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கார் ஓட்டியே கை ஓய்ந்துவிடும். ஆட்டின் ஊரில் சில வீடுகள், ஒரு பெற்றோல் செட், கொஞ்சம் வெளி, இன்னும் சில கட்டடங்கள். ஓடினால் சில நிமிடத்தில் சுற்றிவிடலாம். இந்தச் சின்னத்தனம் காசில்லாத குறை இல்லை. அதைப் பற்றிக் கீழே நிறையச் சொல்ல இருக்கிறது.

எங்கட பழைய லப்டொப்பில ஓடுமா? போனில இருக்கா?

ஆட்டுக் கேம் போனிலும் இருக்கிறது, 2014 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. வாத்துக் கேமைக் கணினியிலும் சுவிட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் பெட்டிகளிலும் விளையாடலாம். வகுப்பில் இருக்கும் லப்டொப் பழையதுதான். படத்தின் தரத்தைக் குறைத்து வைத்தால் இரண்டும் ஓடுகின்றன.

எல்லாம் சரி. இதில பகிடி எங்க இருக்கு? எனக்குச் சிரிப்பே வரேல்லை.

இதற்கு நான் ஒரு காலைக் காட்சியைத்தான் பதிலாகச் சொல்வேன். பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு தேத்தண்ணிக் கடை. காலை ஆறரை மணி இருக்கும். எங்கள் ஊர் மான்கள் கோட்டைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்து கடைத்தெருவில் திரிவது எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு நல்ல கொம்பு வைத்த ஆண் மான் ஒன்று வந்து வரிசையில் நின்றது. உண்மையாகவே வரிசையில்தான். முன்னால் இரண்டு பேர், பின்னால் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒரு தம்பி. முதல் ஆள் பார்சலை வாங்கிக்கொண்டு போக, மானும் ஓரடி முன்னுக்கு வைத்தது. அடுத்த ஆளும் போக, மானின் முறை. கடைக்கார ஐயா கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "உனக்கில்லை ராசா, தள்ளி நில்லு" என்றார். அப்படியே பின்னால் பார்த்து, "தம்பிக்கு என்ன?" என்றார். "ரெண்டு வடை" என்றான் தம்பி. எனக்கு வீடு போய்ச் சேரும் வரைக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

இப்போது அதைப் பிரித்துப் பாருங்கள். ஐயா தடியோடு ஓடி வந்திருந்தால் அது ஒரு கலவரம். யாராவது மானுக்குத் தொப்பி போட்டுக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால் அது சர்க்கஸ். சிரிப்பு வந்தது மானால் மட்டும் இல்லை. மான் வந்த பிறகும் கடை கடையாகவே நடந்தது, அதனால்தான் வந்தது. வரிசைக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது, மானும் அந்த ஒழுங்குக்குள் வந்துவிட்டது, ஐயாவும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஆட்டுக் கேமிலும் இதுதான் நடக்கிறது. ஆடு ஒரு கதிரையை நாக்கால் இழுத்துக்கொண்டு போய் ஓர் ஆளை விழுத்துகிறது. ஆட்கள் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். திரையின் ஓரத்திலோ, ஏதோ கிரிக்கெட் போட்டிக்கு ஸ்கோர் போடுவதுபோல, புள்ளிக் கணக்கு ஏறிக்கொண்டே இருக்கிறது. நக்கியதற்கு இவ்வளவு, முட்டியதற்கு இவ்வளவு. அந்த நிதானமான கணக்கைப் பாருங்கள், சிரிப்பு வரும். ஆட்டை மட்டும் பார்த்தால் வராது.

பகிடி வேற, அபத்தம் வேறயா? ரெண்டும் ஒண்டுதானே?

பகிடி பெரிய வீடு, அபத்தம் அதில் ஓர் அறை. தொல்காப்பியம் சிரிப்பு பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் என்றால் இன்னொருவரை இகழ்ந்து சிரிப்பது. எங்கள் தொலைக்காட்சிப் பகிடியில் பெரும்பகுதி அதுதான். கறுப்பாக இருப்பவர், கட்டையாக இருப்பவர், வேறு ஊர்ப் பேச்சுப் பேசுபவர் என்று யாராவது ஒருவர் அடி வாங்க வேண்டியிருக்கும். ஆடும் வாத்தும் தருவது பேதைமையிலும் இளமையிலும் பிறக்கும் சிரிப்பு. ஆட்டுக்கு ஒன்றும் தெரியாது. பெற்றோல் செட் வெடிக்கும் என்றும் தெரியாது, அதற்குப் பிறகு ஓட வேண்டும் என்றும் தெரியாது.

இன்னொன்று. அபத்தம் என்றால் எதுவும் நடக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல அபத்தத்தில் ஒரே ஒரு விதிதான் உடையும், மற்றதெல்லாம் இரும்புபோல நிற்கும். முள்ளு முனையில் மூன்று குளம் வெட்டிய நாட்டுப்பாடல் சின்ன வயதில் கேட்டிருப்பீர்கள். இரண்டு குளம் பாழ், மூன்றாவதில் தண்ணீரே இல்லை என்று போகும். முதல் வரி நடக்கவே முடியாத ஒன்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியும் முந்தின வரியைச் சரியாகப் பிடித்துக்கொண்டுதான் நகர்கிறது. அந்தப் பிடியை விட்டிருந்தால் அது வெறும் உளறலாகப் போயிருக்கும்.

அந்த ஆட்டுக் கேமில பிழை கனக்க இருக்காமே. காசு குடுத்துப் பிழையை வாங்குறதா?

இருக்கிறது, வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். கேமையே நிறுத்திப்போடும் பிழைகளை மட்டும் திருத்துவோம், சிரிக்க வைப்பவை அப்படியே இருக்கட்டும் என்று செய்தவர்கள் வெளிப்படையாகவே சொல்லித்தான் விற்றார்கள்.

அது எப்படி நடக்கிறது என்று பிள்ளைகளுக்கு நான் விளக்குவது இதுதான். கேமில் ஒரு பாத்திரம் நடப்பது, பாய்வது எல்லாம் முன்கூட்டியே அசைவாகச் செய்து வைக்கப்பட்டவை. விழும்போது மட்டும் அந்த அசைவை விட்டுவிட்டு, உடலைத் துணிப் பொம்மைபோல இயற்பியல் கணக்குக்குக் கொடுத்துவிடுவார்கள். இந்த மூட்டு இவ்வளவு மடங்கலாம், இந்த எலும்பு இதோடு சேர்ந்திருக்க வேண்டும் என்று விதிகள் இருக்கும். ஒவ்வொரு நொடியிலும் பல தடவை கணினி அந்த விதிகளைச் சமாளித்துக்கொண்டிருக்கும். ஆட்டின் தலை ஏணிக்குள் மாட்டிவிட்டது, உடம்போ கீழே விழுகிறது என்றால் இரண்டு விதிகள் சண்டை பிடிக்கும். கழுத்து ரப்பர்போல இழுபடும். ஒரு தடவை அண்ணாவின் மகன் விளையாடும்போது தலை மேல் படியில் நிற்க, கால்கள் கீழே நடந்துகொண்டிருந்தன. அறை முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஆடு மட்டும் தன் பாட்டில் "மே" என்றது.

எல்லாப் பிழையும் பகிடி ஆகாது, இதில் எனக்குத் தெளிவான நிலைப்பாடு உண்டு. இரண்டு மணித்தியாலம் விளையாடிச் சேமித்தது அழிந்துபோனால் யாரும் சிரிக்க மாட்டார்கள். உங்கள் உழைப்பைத் தின்னும் பிழை வேறு, நீங்கள் எதிர்பாராத காட்சியைத் தரும் பிழை வேறு. ஆட்டுக் கேமில் இழப்பதற்கு உங்களிடம் ஒன்றும் இல்லை. அதனால்தான் அங்கே பிழையைச் சிரிப்போடு தாங்க முடிகிறது.

இதில வெல்லுறது எப்படி?

வெல்லத் தேவையில்லை. புள்ளி சேர்க்கலாம், ஒளித்து வைத்திருக்கும் தங்க ஆட்டுச் சிலைகளைத் தேடலாம், ஓரிடத்தில் அரியாசனம் ஏறி ஆடுகளுக்கு அரசியாகலாம். ஒன்றும் செய்யாமல் ராட்சத விசிறியின் முன்னால் நின்று பறந்துகொண்டிருந்தாலும் சரி.

வாத்துக் கேமும் இதே மாதிரித்தானா?

முதலில் ஒரு சொல் விளக்கம். தாராவைத்தான் இங்கே பலர் வாத்து என்கிறார்கள். இது தாரா இல்லை. கழுத்து நீண்ட, வெள்ளையான, கோபக்காரப் பறவை. கேமின் பெயர் அன்டைட்டில்ட் கூஸ் கேம். அவுஸ்திரேலியாவில் மெல்பேர்ணில் ஹவுஸ் ஹவுஸ் என்ற நால்வர் குழு செய்து, 2019 செப்டம்பர் 20 அன்று வெளிவந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. தொடங்கிய விதம் எனக்கு மிகவும் பிடிக்கும்: குழுவில் ஒருவர் மற்றவர்களுக்கு ஒரு வாத்தின் படத்தை அனுப்ப, அதைப் பற்றிக் கதைத்துக் கதைத்தே கேம் பிறந்தது.

ஆடு ஊரை உடைக்கிறது. வாத்து ஊரைக் குழப்புகிறது. 'குழப்படி' என்ற எங்கள் சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஓர் ஆங்கிலேயக் கிராமம். தோட்டக்காரர் தன் பாட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். உங்கள் கையில் ஒரு பட்டியல்: தோட்டத்துக்குள் நுழை, தோட்டக்காரரை நனை, அவர் சாவியைத் திருடு, குப்பைவாரியை ஏரியில் போடு. கத்தலாம், சிறகடிக்கலாம், குனியலாம், ஓடலாம், அலகால் தூக்கலாம். அவ்வளவுதான் உங்களால் முடியும்.

பட்டியலில் ஒரு வேலையைக் கிட்டத்தில் காட்டுகிறேன். ஒருவர் தன் சொந்தப் பொருளையே காசு கொடுத்து வாங்கும்படி செய்ய வேண்டும். தெருவில் ஒரு பெடியன் பொம்மை விமானம் வைத்திருக்கிறான். நீங்கள் கத்திப் பயமுறுத்தி அதைப் பறித்துக்கொண்டு போய், பக்கத்துக் கடை அக்காவின் அடுக்கில் வைத்துவிடுகிறீர்கள். அவன் வந்து, "அது என்னுடையது" என்பதுபோலக் கையைக் காட்டுகிறான். அக்காவுக்கு ஒரே விதிதான்: தன் கடையில் இருப்பது விற்பனைக்கு. காசை வாங்கிக்கொண்டுதான் கொடுக்கிறாள். வாத்து பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. தேத்தண்ணிக் கடையில் நான் பார்த்ததும் இதுதான். விதி தவறவில்லை. விதி தவறாததால்தான் இவ்வளவு அநியாயம் நடந்தது.

இசையையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுசியின் பியானோ இசையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் மெதுவாக ஒரு தடவை, வேகமாக ஒரு தடவை வாசித்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் பதுங்கிப் போனால் பியானோவும் பதுங்கும். துரத்தப்பட்டால் அதுவும் ஓடும். ஒன்றும் செய்யாமல் நின்றால் இசையும் நிற்கும். அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று பியானோ மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதுபோல இருக்கும். அந்த மௌனத்தில்தான் எங்கள் பிள்ளைகள் முதலில் சிரிக்கத் தொடங்குவார்கள்.

ஒரு திருத்தமும் சேர்க்கிறேன். வாத்தின் கிராமம் தொடக்கத்திலேயே முழுதாகத் திறந்திருக்காது. தோட்டம், தெரு, வீட்டு முற்றங்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும். கடைசியில் எல்லாம் சேர்ந்து ஒரே ஊராகிவிடும்.

பெரிய கேமில ஆயிரம் வேலை செய்யலாம். இந்தக் குட்டி ஊரில அப்பிடி என்ன கிடக்கு?

இதுதான் நான் எல்லோரிடமும் எதிர்பார்க்கும் கேள்வி. அபத்தத்துக்கு முதலில் ஓர் ஒழுங்கு வேண்டும் என்று மேலே சொன்னேன். அந்த ஒழுங்கு உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான் அது குலைவது தெரியும். பத்து நிமிடம் விளையாடினால் தோட்டக்காரரின் தொப்பி எது, தேத்தண்ணிக் கோப்பை எங்கே வைப்பார், எப்போது எந்தப் பக்கம் திரும்புவார் எல்லாம் மனப்பாடம். பிறகு அந்தத் தொப்பி இல்லாமல் அவர் தலையைத் தடவிப் பார்க்கும்போது சிரிப்பு வருகிறது. பெரிய நகரத்தில் தெருவில் போகும் ஆயிரம் பேரில் ஒருவரின் தொப்பி பறந்தால் என்ன? அந்த ஆள் யார் என்றே உங்களுக்குத் தெரியாது. கொழும்பில் ஒருவர் வழுக்கி விழுந்தால் ஐயோ பாவம் என்று போய்விடுவோம். எங்கள் ஒழுங்கையில் விழுந்தால் அவருக்கே சொல்லிச் சொல்லி ஒரு கிழமை சிரிப்போம், ஏனென்றால் அவர் எப்படி நடப்பார் என்று எங்களுக்குத் தெரியும்.

தொழில்நுட்பக் காரணமும் உண்டு. பெரிய திறந்த உலகத்தில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் வைத்திருக்க முடியாது. நீங்கள் தாண்டிப் போனதும் பின்னால் இருப்பதை அழித்துக்கொண்டே வருவார்கள். தெருவின் நடுவில் ஒரு வாகனத்தைக் குறுக்கே போட்டுவிட்டு ஒரு சுற்று ஓடி வந்து பாருங்கள், பெரும்பாலும் அது இருக்காது. நீங்கள் செய்த குழப்படி, சாட்சியே இல்லாமல் துடைக்கப்பட்டுவிடும். சின்ன ஊரில் நீங்கள் ஏரியில் போட்ட குப்பைவாரி ஏரியிலேயே கிடக்கும்.

விளையாடப்போகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போங்கள். வாத்துக் கேமின் கடைசிப் பகுதி, அந்தக் கிராமத்தின் குட்டி மாதிரி ஒன்று. முழங்கால் உயரத்தில் அதே தோட்டம், அதே தெரு. அதுவரை எல்லோரையும் விடச் சின்னதாக இருந்த வாத்து, அங்கே இராட்சதன்போல நடந்து போகிறது. ஊரை ஏன் சின்னதாக வைத்தோம் என்று செய்தவர்களே சொன்ன பதிலாகத்தான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

பிள்ளையள் இதைப் பாத்துக் குழப்படி பழகாதுகளா மிஸ்?

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விதான். ஆட்டுக் கேமில் வெடிப்பு உண்டு, ஆட்களை முட்டி எறிவதும் உண்டு. இரத்தம் கிடையாது, ஆட்கள் எழும்பி ஓடிவிடுவார்கள். இருந்தாலும் பத்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நான் அதைப் போடுவதில்லை. அவர்களுக்கு வாத்து. அதில் யாருக்கும் பெரிய காயம் வராது, கெட்ட வார்த்தை இல்லை, பேச்சே இல்லை.

நான் கண்டதைச் சொல்கிறேன். வாத்துக் கேமில் குழப்படி செய்ய ஆட்களை உற்றுப் பார்க்க வேண்டும். இவர் எப்போது திரும்புவார், எதை முக்கியமாக நினைக்கிறார் என்று கவனித்தால்தான் முடியும். வகுப்பில் கொஞ்சமும் பொறுமை இல்லாத ஒரு மாணவி, தோட்டக்காரர் குனியும் நேரத்துக்காகப் பத்து நிமிடம் செடிக்குப் பின்னால் அசையாமல் இருந்தாள். இரண்டு வாத்துகளாகச் சேர்ந்து விளையாடும் முறையும் 2020 செப்டம்பரில் வந்தது. ஒருவர் கத்திக் கவனத்தைத் திருப்ப, மற்றவர் சாவியை எடுக்க வேண்டும். அண்ணன் தங்கச்சி சண்டை பிடிக்காமல் சேர்ந்து விளையாடியதை நான் அதில்தான் பார்த்தேன்.

மகன் கேக்கிறான், கோட்டையடி மானோட இப்பிடி விளையாடலாமா எண்டு.

கூடவே கூடாது. துரத்தவும் வேண்டாம், கொம்பில் எதையும் மாட்டவும் வேண்டாம், பாணும் வடையும் கொடுக்கவும் வேண்டாம். சாப்பாட்டு வாசத்துக்குச் சொப்பிங் பையையும் சேர்த்துத் தின்று, வயிற்றில் பொலித்தீனோடு செத்துப்போகும் மான்கள் எங்கள் ஊரின் உண்மையான துயரம். கேமில் ஆடு எழும்பி நிற்கும். மான் எழும்பாது. இதை நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் விளையாடத் தொடங்கும் முன்னரே சொல்லிவிடுகிறேன்.

வெள்ளைக்காரன்ட பகிடி எங்களுக்கு விளங்குமே?

பேச்சில் தொங்கும் பகிடி கஷ்டம்தான். 2024 இல் வந்த தேங்க் குட்னெஸ் யூ ஆர் ஹியர் என்ற கேம், வட இங்கிலாந்தின் கற்பனைச் சிறு நகரம் ஒன்றில் நடக்கிறது. அருமையான கேம், ஆனால் பாதிச் சிரிப்பு அந்த ஊர்ப் பேச்சுக்குள் இருக்கிறது. வகுப்பில் அது எடுபடவில்லை. ஆட்டுக்கும் வாத்துக்கும் மொழி தேவையில்லை. கிண்ணியாவிலிருந்து வரும் ஓர் உம்மா, ஒரு எழுத்தும் வாசிக்காமல் வாத்தைப் பார்த்துவிட்டு, "எங்கட வீட்டுச் சேவலும் இதே சாதிதான்" என்றார். அதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

ஏன் இரண்டாம் பாகம் இல்லாமல் மூண்டு வந்தது?

2022 நவம்பரில் கோட் சிமுலேட்டர் 3 வந்தது. 2 என்று ஒன்று இல்லை. அதுவும் பகிடிதான். நால்வர் சேர்ந்து விளையாடலாம், ஊரும் பெரியது. பிள்ளைகளுக்கு அது பிடிக்கிறது. எனக்கு முதலாவதுதான். காரணத்தைக் குட்டி ஊர்க் கேள்வியில் சொல்லிவிட்டேன்.

ஒரு கிழமையில அலுத்துப் போச்சு. அது கேமின்ட பிழையா, என்ட பிழையா?

யாருடைய பிழையும் இல்லை. ஒரே பகிடியை நாலாம் தடவை சொன்னால் யார் சிரிப்பார்கள்? ஒழுங்கு குலைந்தது என்று முதல் தடவை சிரித்தோம். குலைவதே வழக்கமாகிவிட்டால் அதுவே புது ஒழுங்கு. வாத்துக் கேமை ஒரு பின்னேரத்தில் முடித்துவிடலாம், சரியான அளவு அதுதான் என்பேன். அலுத்தால் மூடி வையுங்கள். ஆறு மாதம் கழித்து, இதுவரை விளையாடாத ஒருவரின் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். அவர் முதல் தடவை கத்தும் பொத்தானைக் கண்டுபிடிக்கும் முகத்தைப் பாருங்கள்.

எவ்வளவத்தைக் கண்ட ஊர் பிள்ளை இது. ஆடு முட்டுறதைப் பாத்துச் சிரிக்க என்ன இருக்கு?

இதைக் கேட்டவர் பேரனைக் கூட்டிப்போக வரும் ஒரு அம்மம்மா. போரையும், 2004 டிசம்பர் 26 கடலையும் கண்டவர். அவருக்கு அன்றைக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. யோசித்து, அடுத்த சனிக்கிழமை சொன்னேன்.

அபத்தம் எங்களுக்குப் புதிது இல்லை. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் பெற்றோல் செட்டுக்கு முன்னால் ஆட்களுக்குப் பதிலாகக் கான்களும் கற்களும் வரிசையில் நின்றன. ஒரு கல்லுக்கு முன்னால் இன்னொரு கல்லை வைத்ததற்காக இரண்டு பெரிய மனிதர்கள் சண்டை பிடித்ததை நான் பார்த்தேன். தேத்தண்ணிக் கடை மான் நின்றதும் வரிசைதான், இதுவும் வரிசைதான். இங்கே யாரும் சிரிக்கவில்லை. எங்கேயோ யாரோ செய்ததன் விளைவு எங்கள் தலையில் வந்து விழுந்தது. எங்களுக்கு அதில் ஒரு பிடியும் இல்லை.

கேமில் அது தலைகீழ். குழப்படிக்குக் காரணம் நீங்கள், விலை கொடுப்பவர் யாரும் இல்லை. எல்லாம் உடைந்தாலும் மறுபடி தொடங்கினால் ஊர் பழையபடி நிற்கும், தோட்டக்காரர் தொப்பியோடு தண்ணீர் ஊற்றுவார். உடைந்த ஊர் பழையபடி நிற்பதைப் பார்க்க வாய்த்தது எங்கள் தலைமுறைகளில் எத்தனை பேருக்கு? அம்மம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்த வாத்தை இன்னொருக்காக் காட்டு" என்றார்.

திருகோணமலையை வைச்சு இப்பிடி ஒரு கேம் செய்யேலாதா?

ஏலும். கோடோ என்ற கேம் செய்யும் மென்பொருள் முற்றிலும் இலவசம், எங்கள் பழைய லப்டொப்பிலேயே ஓடுகிறது. பெரிய ஊரைச் செய்யத் தேவையில்லை என்பதுதான் இந்த வகைக் கேமின் அழகு. மேல்வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்து தொடங்கியிருக்கிறார்கள். வரைபடம் மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து கோட்டை வாசல் வரை. வாசலோடு நிறுத்திவிட்டோம், கோயிலடி வேண்டாம் என்று பிள்ளைகளே சொன்னார்கள். நீங்கள்தான் மான். கொம்பால் கொடியில் காயும் சாரத்தைத் தூக்கலாம், லொத்தர் விற்பவரின் குடையைத் தள்ளலாம், பஸ்ஸின் முன்னால் படுத்துக்கொண்டு நேரசூசியைக் குழப்பலாம்.

நீண்ட வாக்குவாதம் கடையைப் பற்றித்தான். வரிசையில் நின்றால் மானுக்கு வடை கிடைக்க வேண்டும் என்று இருவர். மானுக்கு வடை கொடுக்கக் கூடாது என்று மற்ற மூவர், நான் சொல்லிச் சொல்லி அது அவர்கள் மனதில் பதிந்துவிட்டது. கடைசியில் முடிவு இது: முறை வந்ததும் ஐயா, "தள்ளி நில்லு" என்பார். மான் திரும்பி நடந்து, வரிசையின் கடைசியில் போய் மறுபடி நிற்கும். எத்தனை தடவை வேண்டுமானாலும் நிற்கலாம்.

அந்த ஒரு அசைவைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறோம். மான் திரும்பும்போது கொம்பு பின்னால் நிற்கும் தம்பியின் ஹெல்மெட்டில் மாட்டி, அவனும் சேர்ந்து வரிசையின் கடைசிக்கு இழுபட்டுப் போகிறான். அதைத் திருத்துவதா விடுவதா என்று வருகிற சனிக்கிழமை பிள்ளைகள் வாக்கெடுப்பு வைக்கிறார்கள்.